திடப்படுத்தல் முடிந்த பிள்ளைகளுக்கு



பேராயர் உங்கள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டார். முதல் திருவிருந்தும் எடுத்துவிட்டீர்கள். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தடுமாறாமல் சொன்னீர்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். விசுவாசத்தில் முதிர்வது என்றால் பெரும்பாலும் விலகாமல் நிற்பதுதான். அதே வேதம், அதே ஜெபவேளை, அதே சபை, அதே மனிதர்கள். அப்படி நிற்க உதவும் என்று நான் நம்புகிறவற்றை எழுதுகிறேன்.

1. உணர்ச்சியை வைத்து உங்களை அளக்காதீர்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்துவிட்டு வீடு திரும்புவீர்கள். இரண்டு வாரத்தில் அந்தச் சூடு தணியும். உடனே பின்வாங்கிப் போனோமோ என்று பயந்து அடுத்த கூட்டத்தைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அந்தக் கண்ணீர் உண்மையானது, அதற்காகத் தேவனை ஸ்தோத்திரியுங்கள். ஆனால் வளர்ந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டிய இடம் வீடு. அம்மா இரண்டாம் தடவை கூப்பிடும்போது என்ன குரலில் பதில் சொல்கிறீர்கள்? சொத்துத் தகராறில் பெரியப்பா வீட்டோடு பேச்சு நின்றுபோயிருந்தால், முதலில் அந்தப் படியேறப் போவது யார்?

2. வேதத்தைப் புத்தகம் புத்தகமாக வாசியுங்கள். மாற்குவில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். புதுவருஷ ஆராதனையில் கையில் தரும் வாக்குத்தத்த அட்டையை மட்டும் நம்பி ஒரு வருஷத்தை ஓட்டாதீர்கள். அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம், உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11. எத்தனையோ வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லோரும் ஊர் திரும்புவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொன்னான், பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் உடைத்துப் போட்டான். கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியா எழுதியதோ எழுபது வருஷம் என்று. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களிடம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கர்த்தர் அந்த வாக்கைக் கொடுக்கிறார். நீட் தேர்வுக்கும் விசா நேர்காணலுக்கும் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, நினைத்தது நடக்கவில்லை என்றதும் விசுவாசமே ஆட்டம் கண்டுபோன பிள்ளைகளைப் பார்த்து என் மனம் வெந்திருக்கிறது. வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை. அது யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்லும் தேவன்தான் அந்த வசனத்தில் பேசுகிறார் என்று தெரிந்து பிடித்தால் அது உங்களைத் தாங்கும்.

3. ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும், நேரம் மாறாமல் இருக்கட்டும். மேடையில் ஜெபிப்பவர்களின் ராகத்தை உங்கள் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். உங்கள் பேச்சிலேயே பேசுங்கள், ஆட்களைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை எடுத்து வாசித்தாலே போதும். துக்கமான நாளில் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். கடைசி வரியும் இருளில்தான் முடிகிறது. ஆறுதலான ஒரு முடிவைக் கூட்டி எழுதாமல் அதை அப்படியே வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே, அதற்காக நான் பல தடவை நன்றி சொல்லியிருக்கிறேன்.

4. பந்தியில் யாரோடு உட்காருகிறீர்கள் என்று கவனியுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்த, புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டுக்குள் போன அதே பேதுரு! அப்போஸ்தலரின் முதிர்ச்சியே சாப்பாட்டுப் பந்தியில்தான் சோதிக்கப்பட்டது. நம் நாட்டில் அந்தச் சோதனைக்குப் பெயர் சாதி. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833ல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றுமடல் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மனமில்லாமல் பலர் விலகிப்போனார்கள். வேதம் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். தலைமுறை தலைமுறையாக ஞானப்பாட்டு பாடியவர்கள். இன்றைக்குப் பாத்திரம் ஒன்றுதான். ஆனால் பெண் கொடுக்கும்போது, சபைத் தேர்தலில் ஓட்டுப் போடும்போது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட அந்தப் பழைய கோடு தெரிகிறது. அசன விருந்தில் உங்கள் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும் எழுந்து போகாதீர்கள். உங்களில் சிலருக்கு நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இதே கேள்வி வீட்டுக்குள் வரும். பெற்றோரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். திருவிருந்தில் பங்குபெற்றவர்கள் நீங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

5. மைக்கைப் பிடிக்க அவசரப்படாதீர்கள். தமஸ்குவில் பார்வை பெற்ற பவுல் உடனே எருசலேமுக்குப் போய் அப்போஸ்தலர்களோடு நிற்கவில்லை. அரபி தேசத்துக்குப் போனார், மூன்று வருஷம் கழித்துத்தான் பேதுருவைப் பார்க்க வந்தார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக வைக்க வேண்டாம், பெருமை பிடித்து விழுவார் என்று தீமோத்தேயுவுக்கும் எழுதினார். நன்றாகப் பாடுகிற, நன்றாகப் பேசுகிற பிள்ளைகளைத்தான் நாங்கள் பெரியவர்கள் சீக்கிரம் மேடையேற்றிவிடுகிறோம். நீங்களாவது ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள், ஆராதனை முடிந்ததும் பாய் சுருட்டி அடுக்குங்கள்.

6. கொடுக்கப் பழகுங்கள். சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உலையில் போட அரிசி அளக்கும்போதே ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு உண்டு. கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, நம் ஆட்களை நம் பணத்திலேயே அனுப்புவது என்று முடிவெடுத்துத் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தவை பனையேறியும் வயலில் கூலிக்கு நின்றும் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகள்.

7. விழுந்தவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள், விழுந்தது நீங்களாக இருந்தாலும் சரி. மாற்கு என்னும் யோவான், பவுலும் பர்னபாவும் போன முதல் மிஷனெரிப் பயணத்தில் அவர்களைப் பம்பிலியாவிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப்போனார். அவரை மறுபடி கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தே போனார்கள். பர்னபா அவரைச் சீப்புருவுக்குக் கூட்டிப்போனார். பல வருஷம் கழித்து, சாவை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். முதலில் வாசிக்கச் சொன்னேனே, அந்தச் சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குதான் என்று திருச்சபை தொன்றுதொட்டுச் சொல்லி வருகிறது. திடப்படுத்தல் வகுப்பில் உங்களோடு சேர்ந்து பாதியில் நின்றுபோனவர்கள் உண்டு. இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஏன் நின்றாய் என்று கேட்க வேண்டாம், சும்மா பேசிவிட்டு வாருங்கள்.

8. சபையில் வயதான ஒருவரைத் தேர்ந்து வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கண் தெரியாததால் வேதம் வாசிக்க முடியாத பாட்டிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டிவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தும் கோயிலுக்கு வருவதை நிறுத்தாதவர்கள், மருமகள் முகம் கொடுக்காத வீட்டில் இருந்துகொண்டே அவளுக்காக ஜெபிக்கிறவர்கள் அவர்களில் உண்டு. நான் மேலே எழுதியதையெல்லாம் அவர்கள் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். யார் வீட்டுக்குப் போகலாம் என்று தெரியாவிட்டால் உபதேசியாரிடம் கேளுங்கள், பெயர்கள் தருவார்.