முதியோரும் லினக்ஸும்

நெடுநாள் குடியிருந்த வீட்டை விட்டு வேறு வீடு புகுந்தவர், முதல் நாள் இரவில் விளக்கின் விசையைத் தேடிச் சுவரைத் தடவுவர். விளக்கும் இருக்கிறது, விசையும் இருக்கிறது, கை மட்டும் பழைய இடத்திற்கே செல்கிறது. விண்டோஸ் என்னும் இயங்குதளத்தில் பல்லாண்டு பழகிய முதியவர், லினக்ஸ் என்னும் தளத்திற்கு மாறும்போது அடையும் இடர்ப்பாடும் இத்தகையதே. அவருடைய அறிவு குன்றிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் மென்பொருள்களையும் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமை. லினக்ஸ் அவ்வாறு ஒருவர்க்கே உரியதன்று. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தமையால் பல தொகுப்புகள் தோன்றின. 2004இல் உபுண்டுவும், 2006இல் லினக்ஸ் மின்டும் வெளிவந்தன. மின்டின் திரையில், கீழே இடப்புற மூலையில் பட்டியலும், வலப்புற மூலையில் கடிகாரமும் அமைந்துள்ளன. விண்டோஸில் பழகிய கைக்கு அது மிக அண்மையது.

இனி, மாற வேண்டிய தேவை யாது என்பதைக் காண்போம். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 தளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. பதிவு செய்துகொண்டோர்க்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அளிக்கப்பட்டது, அவ்வளவே. அடுத்து வந்த விண்டோஸ் 11 தளமோ புதிய செயலியையும் பாதுகாப்புச் சில்லு ஒன்றையும் வேண்டி நிற்கிறது. பழுதின்றி ஓடும் பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் என்ன செய்வார்? நல்ல கணினியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதா? காப்பில்லாத தளத்திலிருந்தே தம் வங்கிக் கணக்கைத் திறப்பதா? லினக்ஸ் மின்ட் 22 தளத்திற்கு 2 ஜிபி நினைவகம் போதும். 4 ஜிபி இருப்பின் நன்று. விலை யாதும் இல்லை.

ஆயினும், எல்லார்க்கும் இஃது ஏற்றதென்று கூறுதல் பொருந்தாது. டாலி என்னும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர் விண்டோஸிலேயே இருத்தல் தக்கது. மைக்ரோசாஃப்ட் வேர்டு லினக்ஸில் நேரே இயங்காது. லிப்ரே ஆஃபீஸ் அதன் கோப்புகளைத் திறக்கும். ஆயின் பக்க அமைப்பு சில இடங்களில் சற்றே நகர்ந்து நிற்கும். இவற்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். மாறிய பின்னர்ச் சொல்வது ஏமாற்றுவதை ஒக்கும்.

ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர்க்கு இளைஞர் ஒருவர் உதவச் செல்கிறார் என்று கொள்க. எழுத்தரின் கணினியில் முப்பது ஆண்டுக் கடிதங்கள் உள்ளன. மறைந்த மனைவியாரின் நிழற்படங்கள் உள்ளன. லினக்ஸை நிறுவும்போது, வட்டில் உள்ளவற்றை முழுதும் அழித்துவிட்டு நிறுவுவதா என்று ஒரு வினா எழும். அங்கே தவறான ஒரு சொடுக்கு அனைத்தையும் போக்கிவிடும். ஆதலின் தளத்தைத் தொடுமுன், எல்லாவற்றையும் வெளி வட்டில் படியெடுத்தல் இன்றியமையாதது. இயலுமாயின் இரண்டு படிகள் வேண்டும். அவற்றை வேறொரு கணினியில் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று முதியவரே பார்த்துத் தலையசைத்த பின்னரே மேலே செல்ல வேண்டும். முதியோர் பலர் கோப்புகளை முகப்புத் திரையிலேயே பரப்பி வைத்திருப்பர். அவற்றை மறத்தல் எளிது.

பின்னர், லினக்ஸைப் பென் டிரைவில் இட்டு அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வட்டில் ஒன்றையும் மாற்றாமல் சில நாள் பழகிப் பார்க்க இது வழி செய்கிறது. வை-ஃபை இணைகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்பனவும் அப்போதே தெரிந்துவிடும். வேண்டாம் என்று முதியவர் கருதினால், பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினால் போதும். பழைய தளம் அப்படியே இருக்கும். மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அறிந்தவர் அச்சமின்றிப் பழகுவார்.

நிறுவிய பின்னர்த் திரையைப் பழைய வீடு போலவே ஒழுங்கு செய்தல் வேண்டும். முகப்பில் இருந்த பேரக் குழந்தையின் படம் மீண்டும் அங்கே வரட்டும். பயர்பாக்ஸ் உலாவியைப் பயன்படுத்தியவர்க்கு அதுவே இருக்கட்டும். கோப்புறைகளின் பெயர்களையும் மாற்றுதல் ஆகாது. ‘சி’, ‘டி’ என்னும் வட்டுப் பெயர்களை அவர் தேடுவார். லினக்ஸில் அவை இல்லை. அவருடைய கோப்புகள் யாவும் ‘ஹோம்’ என்னும் ஓர் இடத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். அடைவு மரம் முழுவதையும் விளக்கப் புகுவது இளைஞர்க்கு இன்பம், முதியவர்க்குத் தலைவலி.

எழுத்தரை உண்மையில் கலங்கச் செய்வது தமிழ் எழுத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். தம் கடிதங்கள் அழிந்தன என்றே அவர் எண்ணுவார். பழைய கணினியிலிருந்து அவ்வெழுத்துருக் கோப்பையும் எடுத்து வந்து நிறுவினால், தமிழ் மீண்டும் தோன்றும். தட்டச்சு செய்யும் முறையும் அவ்வாறே. ஐபஸ் என்னும் ஏற்பாட்டின் வழியாகத் தமிழ்99 முறையும், பழைய தட்டச்சுப் பொறி முறையும் லினக்ஸில் கிடைக்கின்றன. தட்டச்சுப் பொறியில் தேர்ந்த விரல்களைப் புதிய முறைக்கு வற்புறுத்துவதில் பயனில்லை.

கடவுச்சொல் பற்றி ஒரு சொல். புதிய மென்பொருளை நிறுவும்போது லினக்ஸ் கடவுச்சொல்லைக் கேட்கும். தாமே தொடங்கிய செயலுக்காகக் கேட்டால் தரலாம். தாம் யாதும் செய்யாதிருக்கும்போது கேட்டால் தருதல் கூடாது. தொலைபேசியில், ‘உங்கள் கணினியில் கிருமி புகுந்துள்ளது’ என்று கூறி எவரேனும் கேட்டால் பேச்சைத் துண்டிக்க வேண்டும். ஓய்வூதியப் பணம் அந்த ஒரு நொடியில் போய்விடக்கூடும்; லினக்ஸும் அதனைத் தடுக்க இயலாது.

கற்பிக்கும் நேரம் முழுவதும் சுட்டி முதியவர் கையிலேயே இருத்தல் வேண்டும். இளைஞர் அதனைப் பறித்து, நான்கு நொடியில் முடித்து, ‘இவ்வளவுதான், ஐயா’ என்று எழுந்து செல்வது வழக்கம். அன்று வேலை முடியும். மறுநாள் முதியவர் அதே இடத்தில் நிற்பார். அவர் தவறான இடத்தைச் சொடுக்கினாலும் பொறுத்திருந்து, திரும்பும் வழியைச் சொல்லுதல் தக்கது. தளமே கெட்டுப்போனாலும், டைம்ஷிஃப்ட் என்னும் கருவியால் முந்தைய நிலைக்கு மீட்கலாம். அதற்கு உரிய படியை இளைஞர் முன்கூட்டியே எடுத்து வைத்திருத்தல் வேண்டும்.

படிகளை எழுத்தர் தம் கையால், தம் சொற்களால், ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாராக. ‘கோப்புறை’ என்பதை அவர் ‘கட்டு’ என்று எழுதினால் திருத்த வேண்டுவதில்லை. அலுவலகத்தில் அவர் வாழ்நாளெல்லாம் கட்டுகளையே கையாண்டவர். ஒரு வாரம் கழித்து இளைஞர் செல்லும்போது, அந்நோட்டில் சில வரிகள் அடிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் சில வினாக்கள் இருக்கும். ஸ்கேனர் எங்கே? தாளின் இரு புறமும் அச்சிட இயலுமா? பேரனின் படத்தைப் பெரிதாக்குவது எப்படி? இரண்டாம் நாள் பாடம் அவ்வினாக்களிலிருந்தே தொடங்கும்.