மணிக்கூண்டின் மறைபொருள்

துப்பறியும் நாவல்களைக் கற்றோர் பலர் நூல் வரிசையிலேயே வைத்து எண்ணுவதில்லை. அவை புகைவண்டிப் பயணத்திற் பொழுது போக்க உதவுவன, இறங்கும் நிலையத்தில் மறந்துவிடற்கு உரியன என்பதே அவர்தம் கருத்து. கிறிஸ்தவ இல்லங்களிலோ, கொலையும் களவும் கூறும் ஏடுகள் இளையோர் கைக்கு ஏற்றன அல்ல என்னும் தடையும் உண்டு. இவ்விரு கருத்துக்களிலும் ஓரளவு உண்மை இருத்தலை யாம் மறுக்கிலோம். எனினும், ஒரு சிற்றூரையும் அதன் ஆலயத்தையும் களமாகக் கொண்டு எழுந்த துப்பறியும் நாவல் ஒன்று, குற்றம் என்பது யாது, உண்மையைத் தேடுவோன் எத்துணைத் தூரம் தேடலாம் என்னும் வினாக்களை எழுப்பி, படித்து முடித்த பின்னரும் நம் உள்ளத்தை விடாது பற்றி நிற்கின்றது. டாரதி எல். சேயர்ஸ் அம்மையார் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி நைன் டெய்லர்ஸ்’ என்பதே அந்நூல். அதனை நம் கல்லூரி நண்பர்கட்கு அறிமுகம் செய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியர்

அம்மையார் 1893-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. 1897-இல் அவர் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப் பகுதியிலுள்ள பிளண்டிஷம் என்னும் ஊருக்குக் குருவாகச் சென்றமையால், குருமனை வாழ்க்கையும், வெள்ளத்தை அஞ்சி வாழும் மக்களின் இயல்பும் அம்மையார்க்கு இளமையிலேயே பழகின. ஆக்ஸ்போர்டு சாமர்வில் கல்லூரியிற் பயின்று 1915-இல் முதல் வகுப்பில் தேறினார். ஆயினும் அப்பல்கலைக்கழகம் அந்நாளில் மகளிர்க்குப் பட்டம் வழங்கவில்லை. 1920-இல் அங்கு முதன்முதற் பட்டம் பெற்ற மகளிருள் அவரும் ஒருவராயினார். பின்னர் விளம்பர நிலையம் ஒன்றிற் பணியாற்றிக்கொண்டே நாவல்கள் இயற்றினார். கிறிஸ்து பெருமானின் வாழ்க்கையை 1941, 1942-ஆம் ஆண்டுகளில் வானொலி நாடகங்களாக வழங்கியதும், தாந்தே கவிஞரின் பெருங்காப்பியத்தை ஆங்கிலத்தில் ஆக்கும் பணியை மேற்கொண்டதும் அவர்தம் பிற்காலத் தொண்டுகள். 1957-இல் அவர் மறைந்தார்.

மணியொலிக் கலை

இந்நூலிற் புகுவார்க்கு முதலில் வேண்டுவது, ஆங்கில நாட்டு ஆலயங்களில் மணியடிக்கும் முறை பற்றிய சிறிது அறிவு. அங்கு மணிகளைக் கொண்டு பாட்டு இசைப்பதில்லை; மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றி மாற்றி அடிப்பதே வழக்கம். ஒவ்வொரு மணியும் பெருஞ்சக்கரம் ஒன்றிற் பிணிக்கப்பட்டு முழுவட்டமாகச் சுழலும். கயிற்றைப் பிடித்து நிற்போன் அதன் சுழற்சியைச் சிறிதே விரைவிக்கவோ தாழ்த்தவோ இயலும். ஆதலின், ஒரு மணி அடுத்த வரிசையில் ஓரிடம் முன்னேறலாம், ஓரிடம் பின்னிடலாம், அன்றி நின்றவிடத்தே நிற்கலாம். நான்கு மணிகளை 1234, 2143, 2413, 4231 என மாற்றிச் செல்லுதல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வாசகர் இவ்வரிசைகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒரே எண் செல்லும் வழியைக் கோடிட்டு இணைத்துப் பார்ப்பாராயின், மணி நெளிந்து செல்லும் நெறி கண்ணுக்குப் புலனாகும். இச்சிறு பயிற்சி வீண் போகாது. கதையில் மணிக்கூண்டில் கிடைக்கும் மறைமொழிக் கடிதம் ஒன்றைத் திறக்கும் திறவுகோலும் இதுவே.

ஐந்து மணிகளால் 120 வரிசைகளும், ஆறனால் 720-உம், ஏழனால் 5,040-உம், எட்டனால் 40,320-உம் அமைக்கலாம். எட்டு மணிகளின் வரிசைகள் அனைத்தையும் 1963-ஆம் ஆண்டில் லப்பரோ நகரில் எண்மர் இடைவிடாது அடித்து முடித்தனர். அதற்கு ஏறத்தாழ 18 மணிநேரம் ஆயிற்று. இந்நூலில் வரும் ஊராரோ புத்தாண்டு இரவில் 15,840 வரிசைகளை ஒன்பது மணிநேரத்தில் அடிக்கத் துணிகின்றனர்.

நூலின் பெயரும் மணியைப் பற்றியதே. அவ்வூரில் ஆடவர் ஒருவர் இறந்தால் ஒன்பது முறையும், பெண்ணொருத்தி இறந்தால் ஆறு முறையும் பெருமணி ஒலித்து இறப்பை அறிவிக்கும். எண்ணி அறிவிப்பது எனப் பொருள்படும் ‘டெல்லர்’ என்னும் சொல் மக்கள் நாவில் ‘டெய்லர்’ எனத் திரிந்தது என்பர். ஆகவே தலைப்பிலுள்ள ஒன்பது தையற்காரரும், ஒரு மனிதனின் சாவை அறிவிக்கும் ஒன்பது மணியோசைகளே ஆவர்.

கதைப்போக்கு

பென்சர்ச் செயிண்ட் பால் என்னும் கற்பனையூரே கதைக்களம். அஃது அமைந்த சதுப்பு நிலம், 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மைடன் முதலியோர் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்து விளைநிலமாக்கிய நாடு. ஆங்கு ஆறுகள் உயர்ந்த கரைகளுக்கிடையே, வயல்களினும் மேலாக ஓடும். மதகு பழுதுற்றால் ஊர் பிழையாது.

புத்தாண்டுக்கு முந்திய நாள், பனி பொழியும் மாலையில், லார்ட் பீட்டர் விம்ஸி என்னும் துப்பறிவாளரின் மோட்டார் வண்டி அவ்வூரருகே பள்ளத்திற் சரிகின்றது. ஊர்க் குருவாகிய வெனபிள்ஸ் ஐயர் அவரைக் குருமனையில் ஏற்று உபசரிக்கின்றார். மணியடிப்போருள் வில் தோடே என்பவர் குளிர்காய்ச்சலில் வீழ்ந்தமையால், அக்கலையை அறிந்த விம்ஸி அவருக்கு ஈடாக நின்று இரவு முழுதும் கயிறிழுக்கின்றார். பொழுது விடிந்தபின் அவர் தம் வழியே செல்கின்றார்.

ஈஸ்டர் திருநாளை ஒட்டி அவ்வூர்ச் செல்வர் சர் ஹென்றி தார்ப் இறக்கின்றார். புத்தாண்டின்போது இறந்த அவர் மனைவியின் கல்லறையை, அவரையும் அதில் அடக்கும் பொருட்டுத் திறக்கின்றனர். ஆங்கே முகம் சிதைந்து, கைகள் வெட்டப்பட்ட ஓர் அயலானின் உடல் கிடக்கின்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகட்கு முன்னர் அச்செல்வர் மனையில் களவு போய் இன்றும் அகப்படாத மரகதமாலைக்கும் இவ்வுடலுக்கும் தொடர்பு உண்டோ? இவன் யாவன்? எங்ஙனம் இறந்தான்? குரு விடுத்த வேண்டுகோளை ஏற்று விம்ஸி மீண்டும் வருகின்றார். இதற்கு மேற்கூறின் வாசகர் இன்பத்தைக் களவாடிய குற்றம் எம்மைச் சாரும்.

நூல் உணர்த்துவது

துப்பறியும் கதைகள் நமக்கு இன்பம் தருவது ஏன் என்பதைக் கவிஞர் ஆடன் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஆராய்ந்துள்ளார். குற்றமற்றதெனத் தோன்றும் ஒரு சிறு கூட்டத்திற் கொலை நிகழ்கின்றது. எல்லோர் மீதும் ஐயம் படர்கின்றது. இறுதியில் ஒருவன் பிடிபட, ஏனையோர் தூயோராக விடுதலை பெறுகின்றனர். தன் நெஞ்சிற் குற்றவுணர்ச்சி உடைய வாசகனும் அவர்களோடு ஏதேன் தோட்டத்திற்கு மீண்டதாகக் கனாக் காண்கின்றான் என்பது அவர் கருத்தின் சாரம்.

நாம் ஆராயும் நூல் இக்கனவை நமக்கு அளிப்பதில்லை. இங்கு உண்மை வெளிப்படுந்தோறும் துன்பம் மிகுகின்றது. ஒரு தீங்கும் எண்ணாத நல்ல குடும்பம் ஒன்று நிலைகுலைகின்றது. தாம் இதில் தலையிடாதிருந்திருக்கலாம் என விம்ஸியே ஒருபோது வருந்துகின்றார். உண்மையைப் பின்பற்றிச் செல்வதே நம் கடன், அதன் விளைவைக் கடவுள் கையில் விட்டுவிட வேண்டும் என்னும் கருத்துப்பட வெனபிள்ஸ் ஐயர் விடையிறுக்கின்றார். அவ்வுண்மை முடிவில் எவரெவரைத் தீண்டும் என்பதை அவர் அப்போது அறியார். கடைப்பக்கங்களை எய்திய வாசகர் இவ்விடத்தை மீண்டும் திருப்பிப் படிப்பர் என்பது திண்ணம்.

மற்றொன்றையும் காண்க. நூலில் மதகுக் காவலன் ஒருவன் வருகின்றான். மதகின் கதவுகள் பழுதுற்றன என அவன் முறையிடுகின்றான். அதைச் செப்பனிடும் பொறுப்பை ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தின்மேற் சுமத்துகின்றது. படிக்கும்போது இது நகைச்சுவைப் பகுதியாகவே தோன்றும். பின்னர் வெள்ளம் வருகின்றது, உயிர்கள் மாள்கின்றன. கொன்றவன் யார்? எவரையும் சிறையிட இயலாது. எவரையும் விடுவிக்கவும் இயலாது. கல்லறையிற் கிடைத்த உடலின் கதைக்கும் இம்மதகின் கதைக்கும் உள்ள ஒற்றுமையை உணர்ந்தோர் நூலின் உட்பொருளை உணர்ந்தோராவர். மனுநீதிச் சோழன் வாயிலிற் கட்டிய ஆராய்ச்சி மணி, அதனைக் கட்டியவன் மனையை நோக்கியே ஒலித்த வரலாற்றைத் தமிழ் பயிலும் யாம் இவ்விடத்தில் நினையாதிருத்தல் அரிது.

வெள்ளத்தின்போது மேட்டு நிலத்தில் நின்ற ஆலயமே பேழையாகின்றது. எப்பொழுதும் தாள்களை எங்கோ வைத்துவிட்டுத் தேடி அலையும் மறதிக்காரராகிய வெனபிள்ஸ் ஐயர், இந்நாளுக்கென முன்னரே வகுத்து வைத்த திட்டத்தின்படி ஊரார் அனைவரையும் ஆலயத்தினுள் சேர்த்து உணவும் உறக்கமும் ஆராதனையும் ஒழுங்குபெறச் செய்கின்றார். குற்றம் எல்லோரையும் பிணிப்பதுபோல அருளும் எல்லோரையும் ஒரு கூரையின்கீழ்க் கூட்டுகின்றது. இதனை ஆசிரியர் எவ்விடத்தும் பிரசங்கமாக உரைத்திலர். கிறிஸ்தவனின் தொழில் முதலில் நல்ல தொழிலாக இருத்தல் வேண்டும் என அவர் 1942-இல் ஓர் உரையில் வற்புறுத்தினார். அக்கொள்கைக்கு இந்நூலே தக்க சான்று.

குறைகள்

எட்மண்ட் வில்சன் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் 1945-இல் இந்நாவலைச் சலிப்பூட்டும் நூலெனச் சாடினார். மணிக்கலைச் செய்திகள் சில இடங்களில் அளவு மிக்கன என்பதும், ஊரார் பேசும் கொச்சை ஆங்கிலம் நம்மனோர்க்குக் கடினம் என்பதும் உண்மையே. ஆயினும் மணிகளைப் பற்றிய அச்செய்திகளை அலங்காரமென நீக்கின் கதையே இல்லை. புதிரும் அதன் விடையும் மணிகளோடு பின்னிக் கிடக்கின்றன. விரைந்து படிப்பார்க்கு இந்நூல் இனிக்காது. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாகப் படிப்பார்க்கு முதற் பகுதியைக் கடந்தபின் தடையொன்றும் இராது.

முடிவுரை

பிறர் குற்றத்தைத் துருவி மகிழும் ஆவல் மனித இயல்பு. அவ்வாவலையே தூண்டிலாக இட்டு நம்மை ஈர்த்து, ஈற்றில் நம் கையிலும் ஒரு கயிறு உண்டோ என நம்மையே வினவச் செய்கின்றது இந்நூல். தேர்வு முடிந்த விடுமுறை நாட்களில், பாடப் புத்தகங்களை மூடிவைத்தபின், நண்பர்கள் இதனைக் கையில் எடுப்பாராக. எடுத்தோர் முடிவை முன்னதாகத் திருப்பிப் பாராதிருப்பாராக. படித்து முடித்தோர் அதனைப் பிறர்க்கு உரையாதிருப்பாராக.