ஒரே தீ, ஒரே தலைவர்

தீ பிடிச்சா நம்ம கண்ணுக்குத் தெரியறது சிவப்பு வண்டியும் தண்ணீரும்தான். பொறியியல் மாணவனான எனக்கு, வண்டியைவிட அதை ஓட்டும் அமைப்புதான் அதிக ஆர்வம் தந்தது. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையை எடுத்துப் பார்ப்போம்.

1. யாருக்குக் கீழே யார்?

மேயர் நியமிக்கும் ஆணையர் துறையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறார். சீருடை அணிந்தவர்களில் மிக உயர்ந்தவர் துறைத் தலைவர். அவருக்குக் கீழே டிவிஷன்கள், அதற்குக் கீழே பட்டாலியன்கள், கடைசியில் கம்பெனிகள். இங்கே கம்பெனி என்றால் வியாபாரம் இல்லை. ஒரு வண்டியும் அதில் போகும் குழுவும். ஒரு கேப்டனும் மூன்று லெப்டினன்டுகளும் முறை மாற்றி அதை நடத்துகிறார்கள்.

2. யாருக்கு என்ன வேலை?

எஞ்சின் கம்பெனி குழாயை இழுத்துத் தண்ணீர் அடிக்கும். லேடர் கம்பெனி கதவை உடைக்கும், உள்ளே சிக்கியவர்களைத் தேடும், புகை வெளியேற வழி செய்யும். இந்த வேலை ஸ்டேஷனிலேயே முடிவான ஒன்று. அதனால் தீ எரியும் இடத்தில் "நீ போ, நான் போறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. கட்டளை கைமாறும் விதம்

முதலில் வந்து சேரும் அதிகாரிதான் அந்த இடத்துக்குத் தலைவர். மூத்தவர் வந்ததும் நிலவரத்தைக் கேட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். எத்தனை பெரியவர்கள் வந்தாலும், ஒரு நேரத்தில் கட்டளை ஒருவரிடம்தான்.

4. அமைப்புக்கு வந்த சோதனை

2001 செப்டம்பர் 11, காலை 8:46. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. முதலில் பொறுப்பேற்றவர் பட்டாலியன் தலைவர் ஜோசப் ஃபைஃபர். பிறகு டிவிஷன் தலைவர் பீட்டர் ஹேடன், அடுத்து துறைத் தலைவர் பீட்டர் கேன்சி. கட்டளை முறைப்படிதான் கைமாறியது.

ஆனால் 9:59-க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. வடக்குக் கோபுரத்தில் இருந்தவர்களை உடனே வெளியேறச் சொல்லி ஃபைஃபர் வாக்கி-டாக்கியில் உத்தரவிட்டார். மேலே இருந்த பலருக்கு அது கேட்கவே இல்லை. வடக்குக் கோபுரத்தின் நிலை மோசமாகிறது என்பதைப் போலீஸ் ஹெலிகாப்டர் மேலிருந்து பார்த்துச் சொன்னது. அந்தத் தகவல் தீயணைப்புத் தலைவர்களிடம் போய்ச் சேரவில்லை. 10:28-க்கு அதுவும் சரிந்தது. அன்று துறை இழந்தது 343 பேரை. கேன்சியும் அவர்களில் ஒருவர்.

இதற்குப் பிறகு, 2005-இல், போலீஸ், தீயணைப்பு போன்ற துறைகள் ஒரே சம்பவத்தில் எப்படிச் சேர்ந்து இயங்கணும் என்பதற்கு நகரம் தனி விதிமுறை கொண்டுவந்தது.

சிந்திக்க

அன்று தலைவர்களும் இருந்தாங்க, துணிச்சலும் இருந்தது. செய்திதான் மேலேயும் போகலை, பக்கத்துத் துறைக்கும் போகலை. நீங்க ஒரு குழுவை நடத்தினா, இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்க: நான் சொல்றது கடைசி ஆளுக்குக் கேட்குதா? அவர் பார்க்கிறது எனக்குத் தெரியுதா?