கேட்கும் தலைமை

நுழையும் முன்

தலைவர் என்பவர் ஆணையிடுபவரா, செவிமடுப்பவரா? இந்திய விண்வெளி வரலாற்றில் நிகழ்ந்த ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும் இவ்வினாவிற்கு விடை தருகின்றன.

பாடம்

ஆந்திரக் கடற்கரையில் அமைந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் எஸ்.எல்.வி-3 என்னும் ஏவுகலம் முதன்முறையாக ஏவப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர், பேராசிரியர் சதீஷ் தவான்.

ஏவுவதற்குச் சற்று முன் கணினி எச்சரித்தது. உடனிருந்த வல்லுநர்களின் கருத்தைக் கேட்ட கலாம், ஏவலாம் என்று முடிவெடுத்தார். முதற்கட்டம் சீராக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது. அதற்குரிய அமிலம் முன்னரே கசிந்திருந்தது. ஏவுகலம் வங்கக் கடலில் வீழ்ந்தது.

செய்தியாளர்கள் வினாக்களுடன் காத்திருந்தனர். தவான் கலாமை அவர்கள்முன் நிறுத்தவில்லை, தாமே பேசினார். தோல்வியின் பொறுப்பைத் தாம் ஏற்று, தம் குழுவினர் வெல்வர் என்னும் நம்பிக்கையை வெளியிட்டார்.

பல நாள் உழைப்பால் களைத்த கலாம் தம் அறையில் உறங்கிப்போனார். மூத்த அறிவியலாளர் பிரம்ம பிரகாஷ் இருமுறை வந்து, அவர் உறங்குவதைக் கண்டு திரும்பிச் சென்றார். மாலை நெருங்கக் கலாம் கண்விழித்தபோது, அவர் கட்டிலருகே அமர்ந்திருந்தார். அதுவரை அவரும் உண்ணவில்லை. இருவரும் சேர்ந்து உண்டனர். ஏவுகலத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

தோல்வியடைந்தவரைக் கடிந்துரைத்தல் எளிது. ஆனால், கடிந்துரைக்கு அஞ்சுபவர் அடுத்த முறை பிழையைக் கண்டாலும் சொல்லத் தயங்குவார். சொல்லப்படாத பிழையைத் திருத்த இயலாது. கசிந்த அமிலத்தைப் போல அதுவும் கண்ணுக்குத் தெரியாமலே கேடு செய்யும். அஞ்சாமல் உண்மை பேசும் சூழலை அமைத்துத் தருவதே தலைவரின் முதற்கடமை.

அக்குழு பிழையை ஆராய்ந்தது, திருத்தியது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி-3 மீண்டும் ஏவப்பட்டு, 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்றும் செய்தியாளர்கள் காத்திருந்தனர். இம்முறை தவான் பேசவில்லை. கலாமைப் பேசப் பணித்தார்.

தோல்வியைத் தாம் ஏற்று, வெற்றியைப் பிறருக்கு அளித்த இப்பண்பைக் கலாம் பின்னாளில் மாணவர்களிடம் பலமுறை நினைவுகூர்ந்தார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று சதீஷ் தவானின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மொழி அறிவோம்

‘கேள்’ என்னும் வினைக்குச் செவிமடு என்பதும் வினவு என்பதும் பொருள்களாகும். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’, அறிவுடையோர் கூறுவனவற்றைச் செவிமடுத்தலின் சிறப்பைப் பேசுகிறது. நன்கு வினவுதலும் பொறுமையுடன் செவிமடுத்தலும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அருஞ்சொற்பொருள்

செவிமடுத்தல் – கவனத்துடன் கேட்டல்
ஏவுகலம் – செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ராக்கெட்
கடிந்துரை – கண்டிக்கும் சொல்
பணித்தல் – கட்டளையிடுதல்

பயிற்சி

1. எஸ்.எல்.வி-3 முதன்முறை தோல்வியுற்றதன் காரணம் யாது?

2. பிரம்ம பிரகாஷ் ஏவுகலத்தைப் பற்றிப் பேசாதிருந்தது ஏன்? உமது கருத்தை எழுதுக.

3. ‘சொல்லப்படாத பிழையைத் திருத்த இயலாது’ – விளக்குக.

4. ‘கேள்’ என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்துத் தொடர் எழுதுக.

5. செயல்பாடு: நால்வர் குழுவாக அமர்க. வகுப்பறைச் சிக்கல் ஒன்றை ஒருவர் கூறுக. குழுத்தலைவர் தீர்வு கூறாமல் மூன்று வினாக்கள் மட்டும் கேட்க வேண்டும். சிக்கலைக் கூறியவரே தீர்வைக் கண்டாரா என்பதை எழுதுக.