படகின் ஸ்ரியறிங் ஆடினால்: தளர்ச்சியைத் தேடித் திருத்துவோம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்குப் படகைப் பற்றி ஏன் ஒரு பாடம் என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலருக்கு, நமக்கும் நமது நிலத்துக்கும் இடையே தண்ணீர் கிடக்கிறது. இரணைதீவு மக்கள் 1992ஆம் ஆண்டு தமது தீவை விட்டு வெளியேறி, இரணைமாதாநகரில் நீண்டகாலம் வாழ்ந்தார்கள். 2018 ஏப்ரலில் அவர்கள் தாங்களாகவே படகுகளில் ஏறித் தீவுக்குத் திரும்பினார்கள். படகு இல்லாவிட்டால் அந்தப் பயணம் இல்லை. வயலை இழந்து கரையோரத்தில் தங்கியபின் கடற்றொழிலைக் கற்றுக்கொண்ட குடும்பங்களும் பல. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் இருந்துகொண்டு, ஊரிலுள்ள படகுக்கு உதிரிப்பாகம் வாங்கி அனுப்புகிறவர்களும் நம்மிடையே உண்டு. இப்பாடம் இவர்கள் எல்லோருக்கும் உரியது.

சிறிய படகுகள் பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரத்தின் கைபிடியாலேயே திருப்பப்படுகின்றன. ஆட்களை ஏற்றும் படகுகள் சிலவற்றிலும், பாவித்த நிலையில் வாங்கப்படும் படகுகளிலும் வாகனத்தில் உள்ளதுபோல ஸ்ரியறிங் உண்டு. ஓட்டுபவர் நின்றும் இருந்தும் ஓட்ட வசதியாக, அதை மேலும் கீழும் சாய்த்துப் பூட்டும் அமைப்பும் சிலவற்றில் இருக்கும். காலப்போக்கில் முதலில் ஆடத் தொடங்கும் இடங்களில் இந்தச் சாய்வு அமைப்பும் ஒன்று.

உழவு இயந்திரத்தில் ஸ்ரியறிங் சற்று ஆடினாலும் வயலில் சமாளித்துவிடுகிறோம். வீதியில் ஆபத்து வந்தால் பிரேக்கை மிதிக்கலாம். படகுக்குப் பிரேக் இல்லை. அலை பக்கவாட்டில் அடிக்கும் நேரத்தில் திருப்பம் ஒரு கணம் பிந்தினாலும் படகு கவிழ இடமுண்டு. ஆகவே இதைச் சிறு குறையென்று தள்ளிப்போடக் கூடாது.

1. இரண்டு வகைத் தளர்ச்சி

முதல் வகை: ஸ்ரியறிங் முழுவதும் மேலும் கீழும், அல்லது பக்கவாட்டில் ஆடுகிறது. இது பெரும்பாலும் ஓட்டுபவரின் பக்கத்துக் குறை. நடு நட், சாய்வு அமைப்பு, முன்பலகையில் பூட்டிய போல்ற் ஆகிய மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கும்.

இரண்டாவது வகை: ஸ்ரியறிங் ஆடவில்லை, ஆனால் சிறிது தூரம் சும்மா சுழன்ற பிறகே இயந்திரம் திரும்புகிறது. இதற்குக் காரணம் மூட்டு, பல்லுப்பெட்டி, கேபிள், இயந்திரத்தை இணைக்கும் கம்பி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை அறியாமல் கடைக்குப் போனால், ஒரு நட்டை இறுக்கித் தீர்க்க வேண்டிய குறைக்காக முழு அமைப்பையும் வாங்கி வந்துவிடுவோம்.

2. தேடிக் காணும் முறை

படகைக் கரையில் ஏற்றி, இயந்திரத்தை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு இருவர் தேவை. ஒருவர் இயந்திரத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் ஸ்ரியறிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைக்க வேண்டும். மேல் விளிம்பில் சோக்கினால் ஒரு கோடு போட்டால், எவ்வளவு தூரம் சும்மா நகருகிறது என்பது தெரியும். பிறகு ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். எந்த இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கிறதோ, குறை அங்கேதான். உழவு இயந்திரத்தின் முன் சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதும் இதே முறைதான்.

3. திருத்தும் ஒழுங்கு

நடு நட்: நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால் நட் தெரியும். அதை இறுக்குங்கள். இறுக்கிய பின்பும் ஆடினால் ஸ்ரியறிங்கைக் கழற்றி, தண்டின் பள்ளத்திலுள்ள 'கீ' என்னும் சிறு துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பலகை: பின்புறமாகக் கையை விட்டுப் போல்ற்களைத் தொட்டுப் பாருங்கள். பலகை ஊறி உக்கியிருந்தால் துளை பெரிதாகிவிடும். அங்கே நீளமான ஆணியை அடிப்பதால் பயனில்லை. உக்கிய பகுதியை நீக்கி, பின்னால் ஒரு தகடு வைத்து, அகன்ற வாசருடன் பூட்ட வேண்டும்.

சாய்வு அமைப்பு: றப்பர் உறையை நீக்கி, உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். நெம்பை இழுத்து ஒவ்வொரு நிலையிலும் பூட்டிப் பாருங்கள். எல்லா நிலையிலும் ஆடினால் ஆணிகள் தளர்ந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது ஸ்பிறிங் வலுவிழந்திருக்கலாம். ஒரு நிலையில் மட்டும் நழுவினால் அந்த இடத்துப் பல் தேய்ந்துள்ளது. ஆணியை இறுக்கலாம், ஸ்பிறிங்கை மாற்றலாம். தேய்ந்த பல்லை ஒட்டுவேலை செய்து திருத்த முயல வேண்டாம். சாய்வுப் பகுதியையே மாற்றுங்கள். பல தயாரிப்புகளில் இது தனியாகக் கிடைக்கும். பல்லுப்பெட்டியையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

கேபிள்: உள்ளே துருப்பிடித்து இறுகிய கேபிளுக்கு கிறீஸ் மருந்தல்ல. அதை மாற்றத்தான் வேண்டும். இயந்திரத்தின் பக்கம் வெளியே தெரியும் கம்பியை மட்டும் துடைத்து, கடலுக்குரிய கிறீஸ் பூசுங்கள். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்ரியறிங் என்றால், எண்ணெய் கசிகிறதா, உள்ளே காற்றுப் புகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

இணைப்புக் கம்பி: இங்குள்ள நட்டுகள் நைலோன் வளையம் உள்ள பூட்டு நட்டுகள். கழற்றிய பழைய நட்டை மீண்டும் போடாமல் புதியதைப் போடுங்கள். இந்த ஒரு நட் கழன்றாலும் ஸ்ரியறிங் முழுவதும் பயனற்றுப் போகும்.

சாதாரண இரும்பு ஆணிகளை உப்புநீர் விரைவில் தின்றுவிடும். துருப்பிடிக்காத உருக்கையே கேளுங்கள். அது அலுமினியத்தோடு சேருமிடத்தில் அரிப்பு உண்டாகும் என்பதால், பூட்டும்போது கிறீஸ் பூசுவது நல்லது.

4. கொழும்பில் பாகம் வாங்கும்போது

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன இடம். ஆயினும் அங்கு வாகனப் பாகங்களே அதிகம். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு வேலை தெரிந்தவர்களிடம் முதலில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஊரிலிருப்பவர் பழைய பாகத்தையே அனுப்பினால் சிறப்பு. இயலாவிட்டால், தயாரித்த நிறுவனத்தின் பெயர், பாகத்தில் பொறித்த இலக்கம், தண்டின் தடிப்பு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, துளைக்குத் துளை உள்ள இடைவெளி, கேபிளின் நீளம் ஆகியவற்றை எழுதி, படமும் எடுத்து அனுப்ப வேண்டும். "படகு ஸ்ரியறிங் சாமான்" என்று மட்டும் எழுதிய துண்டோடு கடைக்குப் போனால், பிழையான பாகமும் திரும்ப ஒரு நாள் அலைச்சலுமே மிஞ்சும்.

5. கடலில் இறக்கும் முன்

ஒரு கரையிலிருந்து மறு கரை வரை முழுமையாக மூன்று நான்கு முறை திருப்பிப் பாருங்கள். பின்னர் ஆட்களை ஏற்றாமல், கரையோரத்தில், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துடுப்பும் நங்கூரமும் எப்போதும் படகில் இருக்கட்டும். திருத்திய திகதியையும் மாற்றிய பாகத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பல அமைப்புகள் படகுகள் வழங்கின. தரம் குறைந்த படகுகளும் அவற்றில் இருந்தன. நல்ல படகாயினும், திருத்தத் தெரியாதவர் கையில் அது நெடுநாள் உழைக்காது. படகு நமக்குச் சொந்தம் என்பதன் பொருள், அதன் குறையை நாமே கண்டறிய முடியும் என்பதுமாகும். அந்த அறிவு வீட்டில் ஒருவரோடு நின்றுவிடாமல், பெண்களுக்கும் இளைஞருக்கும் போய்ச்சேர வேண்டும்.

குழுவில் கலந்துரையாட:

1. நமது ஊரில் படகையோ உழவு இயந்திரத்தையோ திருத்தத் தெரிந்தவர்கள் யார்? அவர்களிடமிருந்து யார் கற்கிறார்கள்?

2. குறை எங்கே என்று பாராமல் புதிய பாகம் வாங்கிச் செலவழித்த சந்தர்ப்பங்கள் உண்டா?

3. நைலோன் நட், கேபிள், ஸ்பிறிங் போன்றவற்றைச் சங்கத்தின் மூலம் பொதுவாக வாங்கி வைத்திருக்க முடியுமா?