பூனையும் நூலும்

 

தோட்டப்புற வாழ்வில் பூனை நமக்கு நெடுங்காலத் துணை. லயத்து வீடுகளில் அரிசி மூட்டையை எலிகளிடமிருந்து காத்தது பூனையே. இன்று பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்கள் பல ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆயினும் பூனை நம்மை விட்டு நீங்கவில்லை. அதனோடு நாம் விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றியதே இப்பாடம்.

நூல் நுனியில் காகிதத் துண்டைக் கட்டித் தரையில் இழுத்தால் பூனைக்குட்டி பதுங்கிப் பாயும். பூனை வேட்டையாடும் விலங்கு; நெளிந்து ஓடும் பொருள் எதுவும் அதற்கு இரையைப் போன்றதே. பாய்ந்து கவ்வுவது அதன் இயல்பு, குற்றமன்று. ஆனால், கவ்விய நூலை விழுங்கிவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து நேரும்.

பூனை உங்கள் கையை நக்கும்போது சொரசொரப்பாக இருப்பதை உணர்ந்திருப்பீர்கள். அதன் நாக்கில் சிறு முட்கள் உள்ளன. அவை தொண்டையை நோக்கி வளைந்தவை. ஆதலால் நாக்கில் சிக்கிய நூலைத் துப்புவது பூனைக்கு அரிது. நூல் மேலும் மேலும் உள்ளேயே செல்லும்.

விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளலாம். மறுமுனையைக் குடல் கீழ்நோக்கித் தள்ளும். பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் பையின் வாய் மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறதன்றோ? அவ்வாறே குடலும் நூலின்மேல் சுருங்கும். இறுகிய நூல் குடலை அறுத்துவிடவும் கூடும். அறுபட்டால் குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து கடும் நோயை உண்டாக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, என் வீட்டுப் பூனை பூமாலை கட்டிய நைலான் நூலை விழுங்கிவிட்டது. மறுநாள் அதன் ஆசனவாயில் நூல் நுனி தொங்கக் கண்டேன். நன்மை செய்வதாக எண்ணி அதனைப் பிடித்து இழுத்தேன். பூனை அலறியது. இரண்டு நாளில் இறந்தது. பயிற்சிக் கல்லூரியில் கற்றவன் நான். ஆயினும் இதனை அறியாதிருந்தேன். என் அறியாமை உங்களுக்கு வேண்டா என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பின்வருவனவற்றை மனத்தில் கொள்க:

1. நூல் விளையாட்டைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே ஆடுக. முடிந்ததும் நூலைத் தகர டப்பாவில் இட்டு மூடி வைக்க.

2. தையல் நூல், ஊசி, பட்டக் கயிறு, மாலை நூல், ரப்பர் வளையம், பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் கயிறு ஆகியவற்றைத் தரையில் விட்டுவிடாதீர்.

3. காகிதப் பந்தோ மேசைப்பந்தோ தந்தால் பூனை அச்சமின்றி விளையாடும்.

4. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் ஒருபோதும் இழுக்காதீர். விளக்கெண்ணெய் புகட்டாதீர், வாந்தியெடுக்கவும் செய்யாதீர்.

5. பூனை அடிக்கடி வாந்தியெடுத்தாலோ, உணவை மறுத்தாலோ, மூலையில் சோர்ந்து படுத்தாலோ, வயிற்றைத் தொட விடாவிட்டாலோ, காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. நூல் விழுங்கியதைக் கண்டிருந்தால் அறிகுறி தோன்றும்வரை காத்திராதீர்.

அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பணம் செலவாகும். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் அது பெருஞ்சுமை. நூலை எடுத்து வைப்பதற்கோ ஒரு காசும் வேண்டியதில்லை. வளர்ப்புப் பிராணியை வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது.

மாணவர்களே! இன்று மாலை வீடு திரும்பியதும் தையல் இயந்திரத்தின் அடியிலும், சாமி படத்தின் கீழும், சமையலறை மூலையிலும் குனிந்து பாருங்கள். கிடக்கும் நூலை எல்லாம் பொறுக்கி எடுங்கள். வாய் பேசாத ஓர் உயிரைக் காத்த பெருமை உங்களைச் சேரும்.