ஊர்காவற்றுறையின் வெற்று ஆசனம்

அன்புள்ள ரீச்சருக்கு,

நெடுந்தீவிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பாவைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், “பிக்காசோவும் லெனினும் எங்கட தீவுக்கு வந்தவையோ?” என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளை விட்டால் காட்ட ஆளில்லை என்பதும் உங்கள் குறை.

கரம்பொன்னில் பிறந்த அடிகள் 1934இல் உரோமுக்குப் படிக்கப் போனார். முசோலினி கொடிகட்டிப் பறந்த காலம். அவரைத் தாராளமாகக் காட்டுங்கள். நானாக இருந்தால் ஆளைக் காட்டமாட்டேன். ஆளில்லாத ஓர் ஆசனத்தைக் காட்டுவேன்.

1931 யூனில் சர்வசன வாக்குரிமையோடு இலங்கையின் முதல் தேர்தல் நடந்தது. அரசாங்க சபைக்கு 50 பேர் தெரிவாகியிருக்க வேண்டும்; தெரிவானது 46 பேர்தான். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, உங்கள் தீவையும் உள்ளடக்கிய ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. இந்த வாக்குரிமையைத் தந்த டொனமூர் அரசியல் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை, ஆகவே பகிஷ்கரிப்போம் என்றது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் சாதியை எதிர்த்தவர்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள். இலண்டனில் இருந்த இடதுசாரி பிலிப் குணவர்த்தனகூட அவர்களை மெச்சி எழுதினார்.

அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய வாக்கு எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1913 யூனில் எப்சம் குதிரைப் பந்தயத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் அரசரின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்டு, நான்கு நாளில் இறந்தார். பிரித்தானியா 1918இல் முப்பது வயது தாண்டிய பெண்களிலும் ஒரு பகுதியினருக்கே வாக்குக் கொடுத்தது, ஆணுக்குச் சமமாக 21 வயதில் கொடுத்தது 1928இல். மூன்றே ஆண்டில் அது இலங்கைக்கும் வந்துவிட்டது. பிரான்சுப் பெண்களுக்கு 1944 வரை அந்த உரிமை இல்லை. ஓவியமும் புரட்சியும் பொங்கிய பாரிசில் ஒரு பெண்ணுக்கு இல்லாதது நெடுந்தீவில் பனையோலை பின்னிய பெண்ணுக்குச் சட்டப்படி இருந்தது. போடத்தான் வேட்பாளர் இல்லை.

பகிஷ்கரிப்புக்கு முன்மாதிரி இந்தியா. என்றாலும் அயர்லாந்தோடு ஒப்பிட்டால்தான் பிசகு தெரியும். 1918 டிசம்பரில் விடுதலை கேட்ட சின் பெயின் கட்சி தேர்தலில் நின்று 73 ஆசனங்களை வென்றது. வென்ற பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்குப் போகமாட்டோம் என்றது. 1919 சனவரியில் டப்ளினில் தன் சபையைக் கூட்டியது. அவர்கள் சனத்திடம் கேட்டுவிட்டு மறுத்தார்கள். நம்மவர்கள் கேட்காமலே மறுத்தார்கள்.

இன்னொரு விசித்திரம். பகிஷ்கரிப்பில் போய் முடிந்த, வாலிபர் காங்கிரசின் 1931 மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கமலாதேவி சட்டோபாத்யாய். 1926இலேயே சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நின்ற பெண் அவர்!

எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைசிவரை வாதாடியவர் மூத்த தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் 1930 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டே வடக்கின் நான்கு தொகுதிகளில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் வாக்குப் போடவில்லை. அந்த நிலையை உண்டாக்கியவர்கள் அவருடைய ஆட்களல்ல, சமத்துவம் பேசிய இளைஞர்கள். அவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. முழு விடுதலையை அவ்வளவு சீக்கிரமாகவும் துணிச்சலாகவும் கேட்டவர்கள் இலங்கையில் மிகச் சிலரே. ஆனாலும் முடிவு பிழை என்றே நினைக்கிறேன். வெற்று ஆசனங்கள் 1934இல் நிரம்பின, பருத்தித்துறையில் ஜி. ஜி. பொன்னம்பலம் வென்றார். அதன்பின் வடக்கின் அரசியல் வாலிபர் காங்கிரசின் வழியில் போகவில்லை.

உங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்து, 1931இல் நெடுந்தீவில் 21 வயதுப் பெண்ணாக இருந்தால் பகிஷ்கரிப்பை ஆதரித்திருப்பீர்களா என்று வாதாட விடுங்கள். ஆதரிக்கும் பக்கத்தில் நல்ல வாதம் வந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். பதில் சொல்ல நான் ஆயத்தம்.

அன்புடன்,
கட்டுரையாளர்